மூன்றாவது ரொட்டித் துண்டு

புதிதாகச் சமையலறைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அளவும் நேரமும்தான். முட்டை எத்தனை நிமிடம், ரொட்டி எந்தப் பதம், உப்பு முன்னாலா பின்னாலா. கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் அதெல்லாம் ஆறு மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். தானாக வராத ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் செய்த ஒரு தவறு அது. நல்ல மனதோடுதான் செய்தேன். அப்படியும் அது தவறுதான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஓர் எஸ்டேட் துரை பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்தேன். துரை கப்பலேறிப் போனதும் மலாக்கா டவுனுக்கு வந்து காஜா பேராங்கில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன இடம், ஏழே அறைகள். முதலாளியம்மா ஒரு செரானி விதவை. போர்த்துக்கீசியர் வழிவந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சமையலுக்கு நான். அறை பெருக்கவும் துணி துவைக்கவும் பாக்கியம். அவர் பக்கத்திலேயே கம்போங் செட்டியில் குடியிருந்தார். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவார். அவருடைய தமிழ் ஏறக்குறைய அதோடு முடிந்துவிடும். எனக்கு எஸ்டேட்டில் பழகிய மலாய் இருந்ததால் எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை.

வெள்ளைக்காரர்கள் போகப் போக விடுதியில் அறைகள் காலியாகவே கிடந்தன. அந்தச் சமயத்தில் ஓர் இத்தாலிக்காரத் தம்பதி வந்து தங்கினார்கள். கணவர் இயந்திரம் பொருத்துகிறவர். செங் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஓர் ஆலைக்குப் புது இயந்திரம் வந்திருந்தது, அதற்காக வந்தவர். மனைவியின் பெயர் லூச்சியா. முப்பது வயது இருக்கும். இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. கையும் சாடையும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

வந்து இரண்டாவது வாரம், இயந்திரத்தை லாரியிலிருந்து இறக்கும்போது சங்கிலி அறுந்து அதன் ஒரு பாகம் கணவரின் இடுப்பில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து அந்த அம்மா சாப்பிடவில்லை.

முதல் நாள் காலை, துரைமாருக்கு வைப்பதுபோல் இரண்டு பொரித்த முட்டை, தடித்த ரொட்டியில் வெண்ணெய், பக்கத்தில் அவரை விதை எல்லாம் வைத்து மேசைக்கு அனுப்பினேன். தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. சரி, ருசி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் வெங்காயமும் கொஞ்சம் பச்சை மிளகாயும் போட்டு மூன்று முட்டையில் ஆம்லெட் செய்தேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் தட்டில் பழமும் சேர்ந்துகொண்டது. காபியை மட்டும் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தட்டு திரும்பி வந்தபோதெல்லாம் நான் அதில் ஏதாவது கூட்டினேன். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. சாப்பிடவில்லை என்றால் இன்னும் போடு.

அன்று திரும்பி வந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற பாக்கியம் சொன்னார்: “கெசியான், அண்ணே. பிங்கான் பெசார். டியா தாக்குத்.”

பாவம், தட்டு பெரிசு, அதைப் பார்த்து அவர் பயப்படுகிறார் என்று அர்த்தம். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. தட்டைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

பாக்கியம் விடவில்லை. தன் புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாமியார் வீட்டில் தனக்கு இலை நிறைய மரவள்ளிக்கிழங்கு வைப்பார்களாம். அவர் அங்கே கஞ்சிக்கு இல்லாமல் கிடக்கிறார், நாம் இங்கே விருந்துக்கு உட்காருகிறோமே என்று கை நகராதாம். அடுப்படியில் நின்றபடி யாராவது ஒரு வாய் கொடுத்தால் மட்டும் இறங்குமாம். இதை மலாயில் சொல்லிவிட்டு, துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், சமையலறைக்கு வரும்படி கையைக் காட்டினேன். வந்து கதவருகில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. “மேடம், உங்க வீட்டுல காலையில கொஞ்சமா என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டேன். நாங்கள் பேசியது உடைந்த இங்கிலீஷ். நீங்கள் புரிந்துகொள்வதற்காகத் தமிழில் சொல்கிறேன்.

அவர் மேசையிலிருந்த ரொட்டியை எடுத்து, விரலால் ஒரு மெல்லிய துண்டின் அளவைக் காட்டினார். நெருப்பில் வாட்டு என்றார். பூண்டை எடுத்து அதன்மேல் தேய்ப்பதுபோல் காட்டினார். முட்டை இளசாக. தக்காளி கொஞ்சம். எண்ணெய் சில சொட்டு. பிறகு ஓர் இலை. அந்த இலைக்கு இங்கிலீஷ் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவர் விரல்களைக் கசக்கி மூக்கருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். வாசனை இலை என்று புரிந்தது.

“சாப்பாடு இல்லை. சாப்பாட்டுக்கு முந்தி. வயிறு திறக்க,” என்றார்.

ரொட்டியும் முட்டையும் இருந்தன. எண்ணெய்தான் இல்லை. அவர் சொன்னது ஆலிவ் எண்ணெய். அந்தக் காலத்தில் மலாக்காவில் அது மளிகைக் கடையில் கிடைக்காது. மருந்துக் கடையில் சின்னப் புட்டியில் விற்பார்கள், காதில் விட. போய்க் கேட்டேன். கடைக்காரச் சீனர் புட்டியை எடுத்து வைத்துவிட்டு, “யாருக்குக் காது வலி?” என்றார். “ரொட்டிக்கு,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, வயிறு இளக ஒரு கரண்டி குடிக்கிறவர்களும் உண்டு என்றார். ஆனாலும் நான் வந்ததும் முதலில் ஒரு துண்டு ரொட்டியில் விட்டு நானே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். விருந்தாளியின் வயிற்றில் பரீட்சை பார்க்கக் கூடாது.

இலைக்குப் பாக்கியத்திடம் விரலைக் கசக்கிக் காட்டினேன். “செலாசே,” என்றார் உடனே. மறுநாள் விடியலில் தன் வீட்டு வேலியோரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தார். பார்த்தால் நம் திருநீற்றுப் பச்சிலை.

நான்காம் நாள் காலை ஆறரை மணி. முதலாளியம்மா மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். நான் கரியடுப்பில் கம்பி வலை போட்டு ரொட்டி வாட்டினேன். அந்த அம்மா காபிக்காக இறங்கி வந்தவர் வாசனை பிடித்துச் சமையலறைக் கதவுக்கே வந்துவிட்டார். சூடு ஆறுமுன் பூண்டைத் தேய்த்து, மூன்று நிமிட முட்டையைக் கரண்டியால் வழித்து மேலே வைத்து, தக்காளியைப் பிழிந்து பரப்பி, எண்ணெய் சொட்டி, இலையைக் கிள்ளிப் போட்டேன். இரண்டு விரல் அகலத் துண்டு. தட்டில் வைக்கவில்லை, கையில் கொடுத்தேன்.

நின்றபடியே கடித்தார். மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் மெல்லுவதை நிறுத்தவில்லை. முதல் துண்டு போனது. இரண்டாவதைக் கொடுத்தேன். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாக்கியம் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது கூடத்தில் தொலைபேசி அடித்தது.

போய் எடுத்தேன். ஆஸ்பத்திரி. பேசியது ஒரு நர்ஸ், என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“ஐயா, அந்த இத்தாலிக்காரரோட சம்சாரத்த ஒடனே அனுப்புங்க. உள்ளுக்குள்ள ரத்தக் கசிவு நிக்கல. சிங்கப்பூருக்குக் கொண்டு போறாங்க. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. பத்து நிமிசம் பாப்பாங்க, அதுக்கு மேல நிக்க மாட்டாங்க.”

“சரிம்மா,” என்று வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன்.

அந்த அம்மா இரண்டாவது துண்டில் பாதியில் இருந்தார். நான்கு நாளில் அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. சொன்னால் அந்தப் பாதித் துண்டு கீழே போகும் என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூர் நாள் முழுக்கப் பயணம். வழியில் அவர் ஒன்றும் சாப்பிடப் போவதில்லை. மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்? ஆஸ்பத்திரிக்காரர்கள் பத்து நிமிடம் என்றால் அரை மணி நேரம் என்று அர்த்தம். டாக்சியில் போனால் ஐந்து நிமிட தூரம். பாதித் துண்டுதானே, ஒரு நிமிடம்.

இதெல்லாம் நான் கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்த இருபது அடியில் நினைத்தவை. எத்தனை நியாயம் பாருங்கள். அத்தனையும் ஒரே பக்கம்.

அவர் இரண்டாவது துண்டை முடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “இன்னொண்ணு?” என்றார்.

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரொட்டியை எடுத்து வலையில் வைத்தேன். அது சிவந்து வருவதற்குள் வெந்நீரில் இருந்த முட்டையை எடுத்து உடைத்தேன். என் கை பழக்கத்தில் வேலை செய்தது. மூன்றாவது துண்டை அவர் ஆற அமரச் சாப்பிட்டு முடித்தபின், “மேடம், ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு,” என்றேன்.

“எப்போது?”

“இப்பதான்.”

நாங்கள் இருவரும் தெருமுனைக்கு ஓடி டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர், வயதானவர். அந்த வயதுக்காரரைப் ‘பக்சிக்’, அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கியபோது அங்கே ஆம்புலன்ஸ் இல்லை. நர்ஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்னிடம் தமிழில் சொன்னார்: “ஏங்க இவ்வளவு நேரம்? நான்தான் சொன்னேனே. கால் மணி நேரம் நிறுத்திப் பாத்தாங்க. அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்பதான் போச்சு.”

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்து, “என்ன சொல்கிறார்?” என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரம் கிளம்பிவிட்டதாம் என்று நான் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நர்ஸுக்கு எங்கள் உடைந்த இங்கிலீஷ் புரிந்திருக்கலாம், புரியாமலும் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் என் கையை விடவில்லை. இனி ஒரு பொய் சொன்னால் அதைச் சுமக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

“இருபது நிமிசத்துக்கு முன்னாடியே போன் வந்துருச்சு மேடம். நான்தான் சொல்லல. நீங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்துட்டேன்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. அடிக்கவில்லை. அவர் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னார், எனக்கு அல்ல, தனக்கே.

டாக்சிக்கார பக்சிக் கண்ணாடியை இறக்கி, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். “சிங்கப்பூர் போற வழியில மூவார் ஆத்துக்குப் பாலம் கிடையாது. ஆம்புலன்ஸா இருந்தாலும் ஆத்துக்கு இந்தப் பக்கம் நின்னு வண்டி ஏத்துற பெரிப் படகு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும். அடிபட்டவர வச்சுக்கிட்டு வேகமாவும் போக மாட்டாங்க. ஏறுங்க,” என்றார்.

அந்த அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னால். மூவார் வரைக்கும் ஒரு மணி நேரம். அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர் மாநிலம். அங்கே ஒரு சோதனைச் சாவடி. கம்யூனிஸ்ட் கலகத்துக்காகப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நேரம் அது. போலீஸ்காரர் வண்டியின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் இறங்கிப் போய் ஆம்புலன்ஸ் விஷயத்தைச் சொன்னதும், அது போய் எட்டு நிமிடம் ஆகிறது என்று அவரே சொல்லிக் கையசைத்து விட்டுவிட்டார். எட்டு நிமிடம் என்பதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

மூவார் படகுத்துறையில் வண்டிகள் வரிசையாக நின்றன. வரிசைக்கு முன்னால், தண்ணீர் ஓரத்தில், வெள்ளை ஆம்புலன்ஸ். பெரி ஆற்றின் நடுவில் வந்துகொண்டிருந்தது. டாக்சி முழுதாக நிற்பதற்குள் அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி, செருப்பு ஒன்று கழன்றதையும் எடுக்காமல் ஓடினார். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. உள்ளே ஏறினார். கதவு மூடியது.

நான் செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். பெரி கரை சேர்ந்து, வண்டி ஏறி, அது அக்கரைக்குப் போகும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு அதே டாக்சியில் திரும்பினேன். பக்சிக் வழியெல்லாம் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

விடுதிக்கு வந்ததும் முதலாளியம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. வேலை போகும் என்று நினைத்தேன். அவர், “நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்,” என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. உடனே அவரே, “அப்போது நானும்தான் தப்புச் செய்திருப்பேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் எனக்குள் நிறைய வாதாடிப் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட்டதனால்தான் அந்தப் பயணத்தைத் தாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஆம்புலன்ஸைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் மூவாரில் பாலம் இருந்திருந்தால்? பாலம் இல்லாதது என் சாமர்த்தியமா?

ஒருவருக்குச் சோறு போடுகிறபோது அவர்மேல் நமக்கு ஓர் உரிமை வந்துவிட்டதுபோல் தோன்றும். நீங்கள் பெரிய ஓட்டலில் வேலை செய்தாலும் தோன்றும். அவர் நன்றாகச் சாப்பிடுகிறபோது இன்னும் அதிகமாகத் தோன்றும். நான் அன்றைக்கு அந்த அம்மாவின் பசியைப் பார்த்தேனா, என் கைப்பக்குவம் பலித்ததைப் பார்த்தேனா? மூன்றாவது துண்டை வலையில் வைத்தபோது எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப வருடம் ஆனது. அடுப்பில் இருப்பதைத் தீய விட்டாலும் பரவாயில்லை, அடுத்தவருக்கு வந்த செய்தியை ஒரு நிமிடம்கூடக் கையில் வைத்திருக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். அவர்களுடைய பெட்டிகள் எங்கள் விடுதியிலேயே இருந்தன, அவற்றை எடுத்துப்போக. கணவர் பிழைத்துவிட்டார். சிங்கப்பூரில் இரண்டு கைத்தடி வைத்து நடக்கப் பழகுகிறார், அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறார்கள் என்று முதலாளியம்மாவிடம் கேட்டு வந்து பாக்கியம்தான் எனக்குச் சொன்னார். அந்த அம்மா அன்று ராத்திரி தங்கினார். நான் அவர் கண்ணில் படாமல் இருந்தேன்.

மறுநாள் காலையில் அவரே சமையலறைக் கதவுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“நாலு நாள் கழிச்சு அப்பதான் சாப்பிட்டீங்க மேடம். நிறுத்த மனசு வரல.”

“அது தெரியும். அதனால்தான் எனக்குக் கோபம் போகவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, சொல்லைத் தேடித் தேடிச் சொன்னார். “மூவார் வரைக்கும் அவர் தனியாகப் போனார். நான் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனாராம். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.”

“முடியாது மேடம்,” என்றேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். வெளியே ரொட்டிக்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது.

அந்த அம்மா உள்ளே வந்து, சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பசிக்கிறது,” என்றார்.